பக்கத்தில் அமர்ந்தவர்கள்

2013-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஆறு நாட்கள் இடைவெளியில், தந்தி வாத்தியக் கலைஞர்கள் இருவர் மறைந்தார்கள். 22-ஆம் தேதி சென்னையில் லால்குடி ஜெயராமன். 28-ஆம் தேதி அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து ப்ளூமிங்டன் நகரில் யானோஷ் ஸ்டார்க்கர். முன்னவரின் வாத்தியம் வயலின், வயது 82. பின்னவரின் வாத்தியம் செல்லோ, வயது 88. லால்குடிக்குத் தமிழ்நாடு தன் முறையில் அஞ்சலி செலுத்தியது. ஸ்டார்க்கர் என்ற ஹங்கேரியரின் மறைவு நம் பக்கம் அதிகம் பேசப்படவில்லை. அதில் வியப்பதற்கும் ஒன்றுமில்லை.

இருவரையும் ஒரே கட்டுரையில் நிறுத்துவதற்கு இந்தத் தேதிப் பொருத்தம் மட்டும் போதாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் இருவரின் வாழ்க்கையையும் அடுத்தடுத்துப் படித்தபோது ஒரு கேள்வி என்னை விடாமல் தொடர்ந்தது. இருவருமே தங்கள் இளமையின் பெரும்பகுதியை வேறொருவரின் பக்கத்தில், வேறொருவரின் இசைக்காக அமர்ந்து கழித்தவர்கள். அப்படி அமர்ந்திருந்த காலம் அவர்களிடமிருந்து எதைப் பறித்தது, எதைக் கொடுத்தது? திருப்பூரில் வாழ்கிறவனுக்கு இது இசையைப் பற்றிய கேள்வி மட்டும் அல்ல. அதைப் பிறகு சொல்கிறேன்.

*

'பக்கவாத்தியம்' என்பது அழகான சொல். கூடவே கொஞ்சம் கொடுமையான சொல்லும்கூட. பாடகர் நடுவில். அவர் பக்கத்தில் வயலின். எந்த ராகம், எந்தக் கீர்த்தனை, எவ்வளவு நேரம் என்பதைப் பாடகர் தீர்மானிக்கிறார். பெரும்பாலும் முன்கூட்டிச் சொல்வதும் இல்லை. வயலின்காரர் காதால் வாங்கி, அரை நொடி பின்னால், நிழலைப் போலத் தொடர வேண்டும். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தை நிரப்ப வேண்டும். நிரப்பியது தெரியக் கூடாது. அழைப்பிதழில் பெயர் சிறிய எழுத்தில் வரும். சன்மானமும் அதே விகிதத்தில்.

வயலின் நம்மிடம் வந்ததே இந்த வேலைக்காகத்தான் என்று சொல்லலாம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னைப் பக்கம் இருந்தபோது ஐரோப்பியரிடம் அதைக் கற்று, பின்னர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்வானாக இருந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு சுவாதித் திருநாள் மகாராஜா தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். மேலை நாட்டார் தோளில் நிறுத்திய வாத்தியத்தை நம்மவர்கள் தரையில் அமர்ந்து, மார்புக்கும் காலுக்கும் இடையில் சாய்த்து வைத்துக்கொண்டார்கள். வாத்தியத்தைத் தாங்கும் பொறுப்பிலிருந்து விடுபட்ட இடது கை தந்தியின் நீளம் முழுக்க வழுக்கிச் செல்ல முடிந்தது. கமகம் பிறந்தது. நான்கு தந்திகளின் சுருதியையும் மாற்றி, ஸட்ஜம் பஞ்சமம் ஸட்ஜம் பஞ்சமம் என்று அமைத்துக்கொண்டார்கள். வாத்தியம் அதே வாத்தியம்தான், மொழி வேறாயிற்று.

ஒலிபெருக்கி பரவாத காலத்தில் பாடகரின் கம்பீரமான குரலுக்குப் பக்கத்தில் இந்த வாத்தியம் மெலிந்தே ஒலித்தது. மைசூர் சௌடையா தந்திகளைக் கூட்டி ஏழு தந்தி வயலினை உருவாக்கிக்கொண்டதற்கு அதுவே காரணம். துவாரம் வெங்கடசாமி நாயுடு தனிக் கச்சேரிகள் வழியே இந்த வாத்தியம் நடுவிலும் அமரத் தகுந்தது என்று காட்டினார். லால்குடி ஜெயராமன் வந்து சேர்ந்தபோது பாதை கொஞ்சம் வெட்டப்பட்டிருந்தது. ஆனாலும் நடுவிடம் நடுவிடமாகவே இருந்தது. பக்கம் பக்கமாகவே இருந்தது.

*

ஜெயராமன் 1930 செப்டம்பர் 17 அன்று பிறந்தார். தியாகராஜரின் சீடரான லால்குடி ராமய்யரின் வழிவந்த குடும்பம். தியாகராஜர் லால்குடிக்கு வந்து, அவ்வூர்ச் சிவன் மீதும் அம்மன் மீதும் பாடிய ஐந்து கீர்த்தனைகள் லால்குடி பஞ்சரத்தினம் என்று வழங்குகின்றன. தந்தை வி. ஆர். கோபாலய்யரே குரு. வீட்டிலேயே குருகுலம் என்பதால் பாடம் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்ற கணக்கு இருந்திருக்காது. பன்னிரண்டு வயதில் பக்கவாத்தியக்காரராக மேடை ஏறினார்.

அதன்பின் அவர் யார் யார் பக்கத்தில் அமர்ந்தார் என்ற பட்டியல், அந்தக் காலக் கர்நாடக சங்கீதத்தின் வரலாறேதான். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், செம்பை வைத்தியநாத பாகவதர், செம்மங்குடி சீனிவாசய்யர், ஜி. என். பாலசுப்பிரமணியம், மதுரை மணி ஐயர், ஆலத்தூர் சகோதரர்கள், புல்லாங்குழல் மாலி. இந்தப் பட்டியலை ஒரு பாடத்திட்டமாகப் படித்துப் பாருங்கள். அரியக்குடியிடம் கச்சேரியின் கட்டமைப்பும் மத்திம காலத்தின் நடையும். ஜி. என். பி.யிடம் மின்னல் வேகப் பிருகாக்கள். ஆலத்தூராரிடம் லயக் கணக்கு. மதுரை மணியிடம் சர்வலகுவாகப் பொழியும் ஸ்வரங்கள். ஒவ்வொருவரும் தத்தம் பாணியில் ஆழமாக ஊன்றி நின்றவர்கள். அத்தனை பாணிகளையும் மறுநொடியே திருப்பிச் சொல்ல வேண்டிய கட்டாயம் ஒருவருக்குத்தான் இருந்தது, பக்கத்தில் அமர்ந்தவருக்கு. எந்தப் பாடகருக்கும் வாய்க்காத பள்ளிக்கூடம் அது.

அந்தப் பள்ளியின் விளைச்சலே பின்னர் 'லால்குடி பாணி' எனப்பட்டது. அவர் வாசிக்கையில் சாகித்தியம் கேட்கும் என்று ரசிகர்கள் சொல்வது வெறும் உபசாரம் அன்று. எந்த எழுத்தில் வில்லைத் திருப்ப வேண்டும், எந்த நெட்டெழுத்தில் திருப்பாமல் இழுக்க வேண்டும் என்பதில் இருக்கிறது சூட்சுமம். கீர்த்தனையை அறிந்த காது, வில்லின் ஓட்டத்தில் சொற்களைப் பிரித்துக் கேட்டுவிடுகிறது. குரலைத் தொடர்ந்து தொடர்ந்தே குரலாகிவிட்ட வாத்தியம்.

நடுவிடத்துக்கு அவர் மெல்ல நகர்ந்தார். 1965-இல் எடின்பரோ விழாவில் அவர் வாசிப்பைக் கேட்ட யெஹூதி மெனுஹின் தம்முடைய இத்தாலிய வயலினை அவருக்கு அளித்தார். 1966-இல் என். ரமணியின் குழலும் ஆர். வெங்கடராமனின் வீணையும் தம் வயலினும் சேர்ந்த வயலின்-வேணு-வீணைக் கச்சேரி முறையைத் தொடங்கினார். அந்த மேடையில் பாடகர் என்று ஒருவர் இல்லை. மூவருமே பக்கம், மூவருமே நடு. தங்கை ஸ்ரீமதி பிரம்மானந்தத்துடனும், பின்னர் மகன் ஜி. ஜே. ஆர். கிருஷ்ணன், மகள் விஜயலட்சுமியுடனும் வாசித்தார். தில்லானாக்களும் வர்ணங்களும் இயற்றினார்; ஒன்பது ரசங்களுக்கு ஒன்பது ராகங்கள் என்றமைந்த அவரது நவரச பதவர்ணம் பரதநாட்டிய மேடைகளில் நிலைத்துவிட்டது. பத்மஸ்ரீ 1972-இல், பத்மபூஷண் 2001-இல். 'சிருங்காரம்' படத்துக்காகச் சிறந்த இசையமைப்பாளருக்கான தேசிய விருதும் வந்தது. மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி மட்டும் அவர் பெயருக்கு முன்னால் சேரவே இல்லை.

*

இனி பூடபெஸ்ட். யானோஷ் ஸ்டார்க்கர் 1924 ஜூலை 5 அன்று அங்கே ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை தையற்காரர். அண்ணன்கள் இருவரும் வயலின் கற்றார்கள். கடைசிப் பையனுக்கு ஆறு வயது நிறையும் முன்பே செல்லோ கொடுக்கப்பட்டது. எட்டு வயதில் அவன் இன்னொரு குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டான். பதினான்காவது வயதில், வாசிக்க வேண்டியவர் வர முடியாமற்போக, மூன்று மணி நேர அவகாசத்தில் த்வோர்ஷாக்கின் செல்லோ கன்செர்டோவை வாசித்து முறையான அரங்கேற்றம் கண்டான்.

காவிரிக் கரையில் குரு பரம்பரைகள் தழைத்தது போலத் தந்தி வாத்தியங்களுக்கு ஹங்கேரியில் பரம்பரைகள் இருந்தன. பிராம்ஸ் தம் வயலின் கன்செர்டோவைச் சமர்ப்பித்த யோசப் யோவாகிம், ரஷ்யாவில் ஹைஃபெட்ஸ் முதலானோரை உருவாக்கிய லியோபோல்ட் அவுயர் ஆகியோர் அந்த மண்ணில் பிறந்தவர்கள். செல்லோவில் டேவிட் பாப்பர். அவர் மாணவர் அடோல்ஃப் ஷிஃபர். ஷிஃபரின் மாணவர் ஸ்டார்க்கர். அவர் பயின்ற லிஸ்ட் அகாதெமியில் பேலா பார்டோக்கும் ஸோல்தான் கோடாயும் ஆசிரியர்கள். கிராமம் கிராமமாகச் சென்று நாட்டுப்பாடல்களைச் சேகரித்த அதே இருவர்.

பிறகு போர். ஸ்டார்க்கர் நாஜிகளின் முகாமில் மூன்று மாதங்கள் அடைபட்டிருந்தார். அவர் உயிர் பிழைத்தார். வயலின் கற்ற அண்ணன்கள் இருவரும் கொல்லப்பட்டார்கள். இந்த வாக்கியத்துக்குப் பின் அடுத்த வாக்கியத்தை எழுதுவது கடினம். ஆனால் அவர் வாழ்க்கையில் அடுத்த வாக்கியம் இருந்தது. போர் முடிந்ததும் பூடபெஸ்ட் ஒபேராவின் இசைக்குழுவில் முதன்மைச் செல்லோக் கலைஞரானார். 1946-இல் நாட்டை விட்டு வெளியேறினார்.

குழந்தை மேதைகளுக்கு வரும் சோதனை அவருக்கும் வந்தது. யோசிக்காமல் வாசித்த கை, ஒருநாள் யோசிக்கத் தொடங்கியதும் தடுமாறியது. என்ன செய்கிறோம், எப்படிச் செய்கிறோம் என்பதை விரல் விரலாக ஆராய்ந்து மறுபடியும் தன்னைக் கட்டிக்கொண்டார். அந்த நாட்களில் பாரிஸில் அவர் பதிவு செய்த கோடாயின் தனிச் செல்லோ சொனாட்டா பிரான்ஸின் பெரிய இசைத்தட்டு விருதைப் பெற்றது. 1915-இல் எழுதப்பட்ட அந்தப் படைப்பில் கீழ்த் தந்திகள் இரண்டையும் அரைச் சுரம் இறக்கிக்கொள்ள வேண்டும். சுருதியை மாற்றி வயலினைத் தனதாக்கிக்கொண்ட நம் காதுகளுக்கு அது அந்நியமான செயலாகத் தோன்றாது. துணைக்கு வேறு வாத்தியமே இல்லாமல் ஒற்றைச் செல்லோ ஒரு கிராமத்துத் திருவிழாவையே எழுப்பிக் காட்டும் இசை அது.

விருது பெற்ற தனிக் கலைஞர் அடுத்து என்ன செய்தார்? 1948-இல் அமெரிக்கா சென்று, டல்லாஸ் இசைக்குழுவின் வரிசையில் அமர்ந்தார். அங்கே நடத்துநர் அன்டல் டொராட்டி, ஹங்கேரியர். அடுத்த ஆண்டு நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஒபேரா. அங்கே ஃப்ரிட்ஸ் ரைனர், அவரும் ஹங்கேரியர். 1953-இல் ரைனர் சிகாகோ இசைக்குழுவுக்குப் போனபோது ஸ்டார்க்கரும் போனார். பத்து ஆண்டுகள் கோலுக்குக் கட்டுப்பட்ட வாசிப்பு. ஒபேராவில் இசைக்குழு மேடைக்குக் கீழே ஒரு பள்ளத்தில் அமர்ந்திருக்கும்; பார்வையாளர் கண்களுக்கு வாசிப்பவர் முகம்கூடத் தெரியாது. 1958-இல், 34-ஆவது வயதில், இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். தனிக் கச்சேரிகளும் மறுபடி தொடங்கின. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பதிவுகள். பாஹின் தனிச் செல்லோ தொகுப்புகளுக்காக 1998-இல் கிராமி விருது. ஆனால் ப்ளூமிங்டனை விட்டு அவர் நகரவில்லை. வாழ்நாளின் இறுதிக்காலம் வரை அங்கே கற்பித்தார்.

*

பூடபெஸ்ட் தையற்காரரின் மகன் என்ற வரியில்தான் நான் நின்றுவிட்டேன். என் தந்தையும் தையற்காரர். திருப்பூரில் அப்படிச் சொன்னால் போதாது. எந்த மெஷின் என்று கேட்பார்கள். அவர் ஓவர்லாக்கில் தொடங்கி, பேட்லாக்கிலும் பவர்டேபிளிலும் கைதேர்ந்தவர். பீஸ் ரேட் கணக்கில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பனியன் தைத்தார். சனிக்கிழமை இரவுகளில் வானொலியின் தேசிய சங்கீத நிகழ்ச்சியைக் கேட்பார். சங்கீத ஞானம் என்று ஏதும் கிடையாது. பகல் முழுக்க மெஷின் சத்தத்தில் இருந்த காதுக்கு அந்த வயலின் ஒத்தடம் மாதிரி இருக்கிறது என்பார். லால்குடியின் பெயரை நான் முதலில் கேட்டது அந்தப் பெட்டியிலிருந்துதான்.

அவர் இறந்த பிறகு, அவர் கையால் தைத்த ஒரு துணியையாவது எடுத்து வைக்கலாம் என்று வீட்டில் தேடினோம். ஒன்றுகூட இல்லை. அவர் தைத்தவை எல்லாம் பெட்டிகளில் அடைபட்டுக் கப்பல் ஏறிப் போயிருந்தன. கழுத்தில் வேறு நாட்டு நிறுவனத்தின் லேபிள்; விலாவின் உட்பக்கத் தையலில், துவைக்கும் முறை அச்சிட்ட சின்னத் துண்டில், 'இந்தியாவில் தயாரிக்கப்பட்டது' என்ற ஆங்கில வரி. அழைப்பிதழில் பக்கவாத்தியக்காரரின் பெயர் சிறிய எழுத்திலாவது வரும். இந்த ஊரில் ஊரின் பெயர்கூட அதில் வருவதில்லை. ஆளின் பெயருக்கு எங்கே போக?

இந்த ஒப்புமையை அளவுக்கு மீறி இழுக்க நான் விரும்பவில்லை. பாடகர் ராக ஆலாபனையை முடித்ததும் வயலினுக்கு நான்கைந்து நிமிடங்கள் கிடைக்கும். அந்த நிமிடங்கள் வயலினுக்கு மட்டுமே சொந்தம். கேட்டதைத் திருப்பிச் சொல்லலாம், கேளாததைச் சேர்க்கலாம், சில இரவுகளில் பாடகரை மிஞ்சவும் செய்யலாம். பையர் அனுப்பிய மாதிரியிலிருந்து அரை சென்டிமீட்டர் பிசகினால் பீஸ் திரும்பி வந்துவிடும் தொழிலில் அத்தகைய நான்கு நிமிடங்கள் இல்லை. மேலும், லால்குடியும் ஸ்டார்க்கரும் பக்கத்திலிருந்து நடுவுக்கு வந்தவர்கள். அதனால்தான் நான் அவர்களைப் பற்றி எழுத முடிகிறது. கடைசிவரை பக்கத்திலேயே அமர்ந்திருந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் குறைந்தவர்கள் என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் ஒரு இடத்தில் ஒப்புமை பிடிவாதமாக நிற்கிறது. ஸ்டார்க்கர் 1961-இல் தந்தி வாத்தியங்களின் இடது கைக்கென ஒரு பயிற்சி நூல் வெளியிட்டார். உணர்ச்சி, மேதைமை என்ற பேச்செல்லாம் பிறகு. விரல் எங்கே இருக்கிறது, அடுத்து எங்கே போகப் போகிறது என்பது முதலில் தெரிய வேண்டும் என்ற கட்சி அவருடையது. என் தந்தையும் இடது கையைப் பற்றியேதான் பேசுவார். டி-சர்ட்டின் கழுத்தில் ரிப் பட்டியை ஏற்றுவது சாதாரண வேலை இல்லை. பின்னலாடைத் துணி இழுத்தால் நீளும். பட்டியைக் கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் கழுத்து சுருங்கும். குறைவாக இழுத்தால் அலை அலையாக நிற்கும். வட்டம் முழுக்க ஒரே சீராக இழுக்க வேண்டும், அதுவும் மெஷின் ஓடும் வேகத்தில். கைமடிக்கு வந்த பையன்களை ஓய்வு நேரத்தில் மெஷினில் உட்கார வைத்து, கழிவுத் துணியில் இதைச் சொல்லிக்கொடுப்பார். திண்டுக்கல்லிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்தவர்கள். கடைசி ஆண்டுகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். பின்னவர்களோடு அவருக்குப் பொது மொழி இல்லை. அவர்கள் இடது கையைப் பிடித்துக்கொண்டு தைப்பார். அந்தக் கைகள் இப்போதும் எங்கோ அதே சீரில் இழுத்துக்கொண்டிருக்கும் என்று எண்ணிக்கொள்வேன்.

லால்குடியின் மாணவர்கள் எல்லோரும் வயலின்காரர்கள் அல்ல. பம்பாய் ஜெயஸ்ரீ பாடகி. குரலைத் தொடர்ந்து கற்ற ஒரு வயலின், தான் கற்றதை மறுபடியும் குரலிடமே திருப்பிக் கொடுத்தது. ஸ்டார்க்கரிடம் படித்தவர்கள் உலகின் பல இசைக்குழுக்களில் வரிசை நாற்காலிகளில் அமர்ந்தார்கள். பக்கத்தில் அமர்ந்து கற்றவர்கள் கடைசியில் சொல்லிக்கொடுப்பவர்களாக முடிந்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. பிறர் கையை உற்றுக் கவனித்தே வாழ்ந்தவருக்குத்தான் பிறர் கையைத் திருத்தத் தெரியும்.

*

நமக்கு ஹங்கேரியத் தந்தி இசை அந்நியம் என்று நினைக்க வேண்டாம். 2000-இல் வெளிவந்த 'ஹே ராம்' படத்தின் பின்னணி இசையையும், 2005-இல் வெளிவந்த 'திருவாசகம்' சிம்பொனி ஆக்கத்தையும் இளையராஜா பூடபெஸ்ட் இசைக்குழுவினரைக் கொண்டே பதிவு செய்தார். மாணிக்கவாசகரின் சொற்களுக்குப் பின்னால் எழும் அந்த வயலின், செல்லோ வரிசைகளை எத்தனையோ தமிழ் வீடுகள் கேட்டிருக்கின்றன. ஸ்டார்க்கர் ஒருகாலத்தில் அமர்ந்திருந்த நகரம். அவரைப் போன்றே ஏதோ ஒரு பரம்பரையின் நான்காம் ஐந்தாம் கண்ணிகளாக இருக்கக்கூடிய கைகள். அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. நாம் அணிவித்த பனியனை அவர்களில் சிலர் அன்று அணிந்திருந்திருக்கலாம். தைத்தவர் பெயர் அவர்களுக்கும் தெரியாது.

எல்லாப் பெயர்களையும் தெரிந்துகொண்டு வாழ முடியாதுதான். ஆனால் கேட்க முடியும். மதுரை மணி ஐயருக்கு லால்குடி வாசித்த பழைய கச்சேரிப் பதிவுகள் ரசிகர்களிடையே இன்றும் கைமாறுகின்றன. அடுத்த முறை அதில் ஒன்றைக் கேட்கும்போது, பாடகர் ராகத்தை முடித்ததும் பாட்டு எப்போது வரும் என்று தள்ளிவிடாமல், வயலினுக்கு விடப்பட்ட அந்த நான்கைந்து நிமிடங்களை முழுதாகக் கேட்டுப் பாருங்கள்.